பொரி விழாத ரேடியோ

ஒரு பாட்டு எந்த இரைச்சலும் இல்லாமல் சுத்தமாகக் கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. மன்னார்குடி பேருந்து நிலையத்தில் டீக்கடையில் கேட்டாலும் சரி, கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் சரி, எழுந்து வெளியே வந்து மேற்கே பார்க்கிறேன். எழுபதைத் தாண்டியவன், வாழ்நாளெல்லாம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், இப்படிப் பயப்படுவதைப் பார்த்து என் மகன் சிரிக்கிறான். அவனுக்குக் காரணம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

என் அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்தவர். நான் படித்து வேலைக்குப் போய், ஊருக்கு மேற்கே வாய்க்காலை ஒட்டி ஆறு மா நிலம் வாங்கினேன். இரண்டு ஏக்கர் வரும். வாங்கியது நான், இறங்கி நின்றது என் மனைவி. நடவுக்கும் களைக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போவதும் அவள்தான். எங்கள் நிலம் முடிந்ததும் அதே ஆட்களோடு மற்றவர்கள் நிலத்துக்கும் போவாள். வாத்தியார் பெண்டாட்டி சேற்றில் நிற்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "சேறு என்ன உங்க பள்ளிக்கூடத்து மைதானமா, அனுமதி கேட்டு எறங்க?" என்பாள்.

நடவு வரிசை எங்கே போகிறதோ அந்த வரப்பில் ஒரு ரேடியோ இருக்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் வாங்கியது. தோல் உறை போட்ட, மீடியம் வேவ் மட்டும் எடுக்கிற சின்னப் பெட்டி. அதன் குரலை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். தபேலாவின் அடி கேட்காது, வயலின் கீச்சென்று கேட்கும். பொழுது சாய்ந்தால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிலையம் வந்து நம் நிலையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, நல்ல பாட்டுக்கு நடுவில் படபடவென்று ஒரு வெடிப்பு.

அந்த வெடிப்பு ஏன் வருகிறது என்று மனைவி அந்த நாளிலேயே கேட்டாள். வகுப்பில் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். இந்த ஒலிபரப்பில் குரல் அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. தூரத்தில் மின்னல் வெட்டினால் அதுவும் அலையின் உயரத்தைத்தான் குலுக்குகிறது. எது பாட்டு, எது மின்னல் என்று ரேடியோவுக்குப் பிரிக்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிடும்.

"அப்படின்னா நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிரும்?"

"தெரிஞ்சிரும்."

அடுத்த நடவிலிருந்து பெட்டியைக் கேட்டு நடப்பது அவர்கள் கூட்டத்தின் வழக்கமாகிவிட்டது. அந்த வெடிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பொரி. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரி விழுந்தால் வேலை நடக்கும், ஒருத்தி மட்டும் காதைக் கொடுத்திருப்பாள். பாட்டின் வார்த்தை புரியாத அளவுக்குப் பொரி விழுந்தால் கையிலிருக்கிற நாற்றை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கரையேறி, நெல் கொள்முதல் நிலையத்துக் கட்டடத்தின் தாழ்வாரத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் அடித்தாலும் போவார்கள். நிலத்துக்காரர் திட்டினாலும் போவார்கள். எங்கள் பக்கம் புரட்டாசியில் மேற்கே இருந்து வரும் மழை இடியோடுதான் வரும். முழங்கால் தண்ணீரில் குனிந்து நிற்கிற பெண்கள் மேல் இடி விழுந்த கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் மட்டும் இல்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களான பிறகு, பழைய மாணவன் ஒருவன் காரில் வந்தான். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவன். வீடு பூட்டியிருக்கவே நிலத்துக்கே வந்துவிட்டான். நான் வரப்பில் நின்றிருந்தேன். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதுகெல்லாம் சேறாக, மற்ற பெண்களோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. அவன் மரியாதையாகத்தான் பேசினான். கிளம்பும்போது பெட்டியைப் பார்த்துச் சிரித்தபடி, "என்ன சார், ஃபிசிக்ஸ் வாத்தியார் நீங்க, இன்னும் இந்தக் கரகரப்புதானா?" என்றான்.

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அது அப்படிப் படவில்லை. அப்பா நின்ற சேற்றில் மனைவி நிற்பதையும், அந்த ஓட்டைக் குரலையும் அவன் சேர்த்தே பார்த்துவிட்டான் என்று தோன்றியது. மனைவியை வயலிலிருந்து மேலே ஏற்ற என்னால் முடியாது. பெட்டியை மாற்ற முடியும்.

மன்னார்குடிக்குப் போய் ஒரு எஃப்.எம். ரேடியோ வாங்கி வந்தேன். நல்ல விலை. வீட்டில் வைத்துப் பாடவிட்டபோது பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மனைவியும் தலையாட்டிக் கேட்டாள். ஆனால் மறுநாள் காலை வயலுக்குப் பழைய பெட்டியைத்தான் எடுத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் போயேன்."

"இது நல்லாத்தான் பாடுதுங்க. ஆனா ஊமையா இருக்கு. பொரி விழ மாட்டேங்குது."

விழாது. அது எனக்குத் தெரியும். அதில் குரல் அலையின் உயரத்தில் வருவதில்லை. உயரத்தை யார் குலுக்கினாலும் அந்த ரேடியோ அதை வெட்டி எறிந்துவிடும். மின்னலையும் சேர்த்துத்தான். இதை எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான். மனைவி சொன்னதன் பொருள் அங்கே எவருக்கும் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. புரிந்தும், அவள் குளிக்கப் போன நேரத்தில் பழைய பெட்டியை எடுத்துப் பரணில் விதை டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன்.

"அது ரிப்பேருங்க. கடையில போட்டுப் பார்த்தேன், இனிமே ஆவாதுன்னுட்டான்" என்று அவளிடம் சொன்னேன். பொய் சொல்லும்போது நான் அவளுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறேன் என்பதை அவள் கவனிக்கவில்லை.

"இத்தனை நாள் ஒழைச்சுதே பாவம்" என்றாள்.

அடுத்து வந்த புரட்டாசி. சம்பா நடவுக்கு மனைவியும் மற்றவர்களும் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்சாரம் போய்விட்டது. செல்போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. பொழுது போகாமல் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன். டார்ச் விளக்கின் பேட்டரியைப் போட்டுத் திருகினேன். அவள் இல்லாத நேரத்தில் முன்பும் இரண்டொரு தடவை இப்படிச் செய்திருக்கிறேன். எனக்கே அந்தக் குரல் இல்லாமல் என்னவோபோல இருந்தது.

பாட்டே வரவில்லை. பொரிதான் வந்தது. அடுப்பு மணலில் நெல்லைக் கொட்டினது போல ஓயாத பொரி.

பரணில் கிடந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தட்டினேன். திருப்பிப் பிடித்தேன். பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் மின்சாரம் இல்லை என்பது உறைத்தது. மோட்டார் இல்லை, ட்யூப்லைட் இல்லை, ஊரில் எதுவும் ஓடவில்லை. வாசலுக்கு ஓடினேன். தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்குப் பக்கத்தை மூங்கில் குத்து மறைத்திருந்தது. பெட்டி கையில் வெடித்துக்கொண்டே இருந்தது.

அவர்களிடம் இருப்பது ஊமை ரேடியோ.

மனைவிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. சாப்பாட்டுப் பையில் வைத்து வரப்பில் வைத்திருப்பாள். மறுபடி போட்டேன். பிறகு என் போன் அணைந்துவிட்டது. மொபெட்டை எடுத்தேன். பெட்டியை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை, வாரைப் பிடித்துக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன். வாய்க்கால் கரையில் வண்டி போகப் போக, என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியபடி அது பொரிந்தது. பொரி பொரியாக விழுந்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாயிற்று. அதை அணைத்திருக்கலாம். கை போகவில்லை. அது நின்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் போல ஒரு பைத்தியக்கார நினைப்பு. மூங்கில் தாண்டியதும் மேற்கு தெரிந்தது. அடிவானம் கத்தரிப்பூ நிறத்திலிருந்து கறுத்து, சத்தமில்லாமல் உள்ளுக்குள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் வண்டி சறுக்கி விழுந்தேன். எழுந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். சாமி பெயர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ரிப்பேருங்க, ரிப்பேருங்க என்று நான் சொன்ன வார்த்தையே மண்டைக்குள் ஓடியது.

முதலில் எனக்குக் கேட்டது பாட்டுத்தான். தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு, அத்தனை சுத்தமாக வந்தது. தபேலாவின் ஒவ்வொரு அடியும் கேட்டது. பெண்கள் வெட்டவெளியில், மேற்குக்கு முதுகைக் காட்டி, வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"ஏறுங்க! ஏறுங்க!"

ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு என் மனைவியிடம், "ஏக்கா, வாத்தியாரய்யாவுக்குச் சோத்தை வைக்காம வந்துட்டியா? ஓட்டமா ஓடியாறாரு!" என்றாள்.

"வச்சதைத் தின்னுட்டுத் தூங்கியிருப்பாரு. கெனாவுல நான் வந்திருப்பேன், பயந்துட்டாரு!" என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. "என்னங்க? புள்ளைக்கு ஏதாச்சுமா?"

"மின்னல்! பின்னாடி பாரு!"

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. ரேடியோவைத்தான் திரும்பிப் பார்த்தாள். "பொரியே விழலையே?" என்றாள். அந்த ஒரு கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எத்தனையோ வருடமாக ஒரு பெட்டியை நம்பி உயிரோடு இருந்தவள், இந்தப் பெட்டியையும் நம்பியிருந்தாள்.

அதற்குள் முதல் இடி கேட்டது. அவள் மற்றவர்களை அதட்டி விரட்டினாள். நாற்றுமுடியை எடுக்கப் போனவளின் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தாள். எல்லோரையும் கரையேற்றிவிட்டுக் கடைசியாக ஏறி வந்தவள், பாதியில் நின்று திரும்பினாள். எதிர் வரப்பில் புது ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"விடு! அது கெடக்கட்டும்!"

"வெல போட்டு வாங்கினதுங்க!"

ஓடினாள். நான் பார்த்தது வெள்ளை வெளிச்சம் மட்டுமே. சத்தம் கேட்டதாக ஞாபகமில்லை. அந்த வரப்புக் கோடியில் நின்ற பனைமரத்தின் உச்சி புகைந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றுவிட்டது. அவள் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தாள்.

தூக்கித் திருப்பியபோது அவள் வாயில் சேறு. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பெண்கள்தான் வாயைத் துடைத்து, மாரைத் தட்டி, தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்து முதலில் மன்னார்குடி, அங்கிருந்து தஞ்சாவூர். வழியெல்லாம் மழை. அவள் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ஏறிட்டாளுவளா?" இரண்டாவது, "உங்க ரேடியோ நனைஞ்சிருச்சா?"

பிழைத்துக்கொண்டாள். இடது காது போய்விட்டது.

ஊர் என்னைக் கொண்டாடியது. வாத்தியார் வந்து கூப்பிட்டிராவிட்டால் அத்தனை பேரும் போயிருப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஒருத்தியின் புருஷன் பழமும் பூவும் கொண்டுவந்து என் காலில் விழப் பார்த்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களிடம், வானத்தைப் பார்த்தால் தெரியாதா, படித்ததுதானே என்றேன். மதகருகே கிடந்த வண்டியை எடுக்க நானே போனேன். அதில் தொங்கிய பெட்டியை வேட்டியில் சுற்றி எடுத்துவந்து, ஈரம் உலர்த்தி மறுபடி பரணில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "காதுக்குள்ள பொரி விழுதுங்க" என்றாள்.

செத்த காதுக்குள் அப்படி ஓர் இரைச்சல் வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார். போகலாம், போகாமலும் இருக்கலாம். அவளுக்கு அது போகவில்லை. அது ஏறும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் மேற்கைப் பார்ப்பாள். துணிகளை உள்ளே எடுப்பாள். களையெடுப்புக்குப் போன இடத்தில் நிர்மலமான வானத்தின் கீழ் எல்லோரையும் நான்கு தடவை கரையேற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். "அக்காவுக்கு இடி உள்ள போயி உக்காந்துகிச்சு" என்று பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. அதன் பிறகு வயலுக்குப் போகவில்லை. எந்த நிலத்துக்காரரின் ஏச்சுக்கும் அஞ்சாதவள், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் ஒண்டிக்கிடந்தாள். "எது நெசம், எது எங்காதுன்னு தெரிய மாட்டேங்குதுங்க" என்பாள். என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அது எங்கள் தலைக்கு நேர் மேலே பரணில் இருந்தது. அதைக் கீழே இறக்க வேண்டுமென்றால், அது எப்படி அங்கே போனது என்று சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். பலமுறை சொன்னேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது இடப்பக்கம் உட்கார்ந்து, அந்தச் செத்த காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வரும். அந்த மூச்சுக்காகவே மறுபடி சொன்னேன். என் கோழைத்தனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் இல்லை.

போன வருடம் ஒரு காலையில், நல்ல வெயிலில், கொல்லைக் கதவருகே அவள் காதைப் பொத்திக்கொண்டு குத்தவைத்திருந்தாள். பேரப்பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிடக் குரல் எழாமல் வாயை மட்டும் அசைத்தாள். அதைப் பார்த்தேன். பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

முழுவதையும் சொன்னேன். முடிந்ததும் அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"வெக்கம் ரேடியோவ நெனச்சா, என்னைய நெனச்சா?"

"ரெண்டையும்தான்."

தலையாட்டினாள். பிறகு கையை நீட்டினாள். "பேட்டரி இருக்கா?"

போட்டுக் கொடுத்தேன். அந்த நிலையம் இப்போது சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. அப்போது வரவில்லை. உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் மட்டும் சீராக வந்தது. வலது காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். ஒரு பொரிகூட விழவில்லை. பிள்ளைகள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடாமல் அவள் எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. பெட்டி அவள் தலைமாட்டிலேயே இருந்தது.

இந்தப் புரட்டாசியில் சேலையைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நடவு இருக்கு. வாங்க."

"நான் எதுக்கு?"

"அவளுவளுக்குப் பாட்டு வேணும், ஊமையத்தான் எடுத்தாருவாளுவ. இதைக் கேக்க ஒரு ஆளு வேணும். ஒங்களுக்கு வேற என்ன வேலை?"

இப்போது வரப்பில் இரண்டு ரேடியோக்கள். அவர்களுடையது தெளிவாகப் பாடுகிறது. பழையதை நான் மடியில் வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாட்டு வராத இடத்தில் முள்ளை நிறுத்தியிருக்கிறேன், பொரிக்கு நிலையம் தேவையில்லை. எங்கோ ஒரு மோட்டார் போட்டாலும் ஒரு பொரி விழும். நான் எழுந்து நின்றுவிடுவேன். பெண்கள் சலித்துக்கொள்வார்கள்.

நேற்று வெயிலில் இரண்டு பொரி அடுத்தடுத்து விழுந்தது. எழுந்தேன். துண்டை வீசினேன்.

"வாத்தியாரய்யா, இது மோட்டார் பொரியா, மேகத்துப் பொரியா? படிச்சவரு பாத்துச் சொல்லுங்க, இப்பதான் குனிஞ்சோம்!"

"தெரியலம்மா. ஏறுங்க" என்றேன்.

என் மனைவி அதற்கு முன்பே கரையேறிக் கட்டடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கையில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.